நெற்றியில் சந்தனம், அக்குளில் ஜுரம்

எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றால், அப்பா மொட்டை, அம்மா மொட்டை, இடுப்பில் இருக்கிற குழந்தை மொட்டை என்று குடும்பம் குடும்பமாகச் சந்தனம் பூசிய தலைகள் பஸ் நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். மார்பில் கட்டியை எடுத்தபின் மருந்து ஏற்ற ஆரம்பித்து என் மனைவிக்கு முடி கொட்டியபோது, விக் ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன்.

"திருத்தணியில விக்கு வெச்சாத்தாங்க எல்லாரும் பாப்பாங்க" என்றாள்.

மீதியிருந்த முடியையும் மழித்துவிட்டுச் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டாள். மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று விசாரித்தாள்.

"இன்னாக்கா, மேல போய் வந்தியா? ஒரு வார்த்த சொல்லல?"

"வேண்டுதல்மா."

"இன்னா வேண்டுதல்?"

"வெளிய சொன்னா பலிக்காதாமே."

உள்ளே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "பொய் ஒண்ணும் சொல்லலைங்க. வேண்டிகினுதானே கீறேன்."

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்த மனுவுக்கு எந்தப் படிவம், எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எந்த நகல் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வரலாற்றில் முதுகலையும் படித்திருக்கிறேன். அலுவலகத்தில் அது பயன்பட்டதில்லை, ஆனால் நடப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாமல் இருக்க உதவியது.

முன்கணிப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்னால் தண்ணீர் சூழக்கூடிய இடங்களின் பட்டியலை நாங்கள் தயாரித்து அனுப்ப வேண்டும். தயாரிப்பது என்றால், போன வருடப் பட்டியலை எடுத்து வருடத்தை மாற்றுவது. ஒரு முறை, பட்டியலில் இல்லாத ஏரியின் கரை உடைந்து இரண்டு தெருக்களில் முழங்கால் அளவுத் தண்ணீர். அடுத்த வருடத்திலிருந்து அந்த ஏரியைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டோம். அதன்பின் அது உடையவே இல்லை. வரப்போவதைக் கணிப்பது என்றால், வந்து போனதைப் பட்டியலில் சேர்ப்பது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. இதைக் கேலியாகத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, சென்னைக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாளின் பின்பக்கத்தில் கோடு வரைய ஆரம்பித்தபோது, நான் மரியாதைக்குத்தான் கவனித்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். அவசரமாகவே நடப்பார், ஒரு ஷூவின் நாடா எப்போதும் அவிழ்ந்திருக்கும். மேசை மாதிரி நேராகப் போன கோட்டை ஒரு வாரத்துக்கப்பால் கீழே இறக்கிப் பள்ளமாக்கி, மறுபடி மேலே ஏற்றினார்.

"இது வெள்ளை அணு. மருந்து ஏத்தின நாள் இது. ஒரு வாரம் தெரியாது. எட்டாம் நாள்லேருந்து இறங்கும். ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு, இந்தப் பள்ளம். அப்புறம் தானா ஏறும். அடுத்த ஊசிக்குள்ள பழைய நிலைக்கு வந்துடும்."

"எல்லோருக்கும் இதே நாளிலா?"

"ஏறத்தாழ."

நாளைக்கு மழை வருமா என்பதையே சொல்ல முடியாத நாட்டில், எலும்புக்குள்ளே நடப்பதை இந்தப் பெண் தேதி போட்டுச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முதல் சுற்றில் ரத்தம் பார்த்தபோது எண்ணிக்கை அந்தக் கோட்டின்மேலேயே இறங்கி அதன்மேலேயே ஏறியது. இரண்டாம் சுற்றிலும் அப்படியே. அந்தத் தாளை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என் உத்தியோகக் காலத்தில் எந்தத் திட்டமும் வரைந்த கோட்டின்மேல் போய் நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா அன்று சொன்ன இன்னொன்றை என்னால் மறக்க முடியவில்லை.

"அந்த நாலு நாள்ல இவங்களுக்கு எங்கயாவது புண் வந்தா சிவக்காது. வீங்காது. சீழ் வைக்காது. நல்லா இருக்கிற மாதிரியேதான் இருக்கும்."

"சீழ் வைக்காவிட்டால் நல்லதுதானே டாக்டர்?"

"சார், சீழ்னா என்னன்னு நெனச்சீங்க? கிருமியோட சண்டை போட்டுச் செத்துப்போன வெள்ளை அணுதான் சீழ். சண்டைக்கு ஆளே இல்லன்னா சீழ் எங்கேருந்து வரும்? சிவக்கிறதும் வீங்கறதும் அவங்க கூட்டம் கூடற சத்தம். அந்த சத்தமே கேக்காது. ஜுரம் மட்டும்தான் வரும். நமக்குக் கிடைக்கிற ஒரே தகவல் அதுதான். நூறு புள்ளி நாலு தொட்டா அந்த நிமிஷமே கிளம்பி வாங்க. மாத்திரை போட்டுக் குறைச்சுப் பாக்காதீங்க."

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கிராமத்திலிருந்து மனு எதுவும் வரவில்லையென்றால், அங்கே குறை எதுவும் இல்லை என்று மேலே எழுதுவது எங்கள் வழக்கம். நானே எத்தனையோ முறை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மனு எழுத ஆளில்லாத கிராமமும் அப்படித்தான் இருக்கும் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. கட்டியைப் பற்றிச் சொன்ன அன்றுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. ஒரு கிருமி அவளுக்குள் புகுந்து ஊரையே எடுத்துக்கொண்டு போகலாம். வெளியே ஒரு சிவப்புப் புள்ளிகூடத் தெரியாது.

பயந்த அரசு ஊழியன் என்ன செய்வான்? பதிவேடு திறப்பான். நீளவாக்கு நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன். தேதி, மருந்து ஏற்றியபின் எத்தனையாம் நாள், நேரம், வெப்பநிலை, குறிப்பு, கையொப்பம்.

"கையெழுத்து எதுக்குங்க?"

"யார் எடுத்தது என்று பின்னால் தெரிய வேண்டாமா?"

"இந்த வீட்ல நம்ம ரெண்டு பேர வுட்டா இன்னும் யாரு கீறாங்க, பல்லியா?"

கரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கிற துப்பாக்கி வடிவக் கருவி வீட்டில் இருந்தது. புது பேட்டரி போட்டேன். காலை ஆறரை, மாலை ஆறரை. அவள் அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்: "தாலி கட்டினவரே தெனம் ரெண்டு வேள நெத்திக்கு நேரா துப்பாக்கி நீட்டறாரு. எங்கனா நடக்குமா இது?"

காலையில் குளித்துச் சந்தனம் இழைத்து, தலையிலும் நெற்றியிலும் பூசிச் சாமி கும்பிட்ட பிறகுதான் என்னைக் கிட்ட விடுவாள். மாலையில் முகம் கழுவி விளக்கேற்றி மறுபடி ஒரு பூச்சு. எங்கள் ஊரில் சந்தனத்தை மருந்து என்று நம்பாதவர்கள் குறைவு. மலைமேல் கொடுக்கும் சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த அறிவுரைத் தாளில், பூ கூடாது, பச்சைக் காய்கறி கூடாது, கூட்டம் கூடாது, நாய் பூனை கூடாது என்று இருந்தது. சந்தனம் என்ற சொல்லே இல்லை. தடை செய்யப்படாதது அனுமதிக்கப்பட்டது. இது என் அனுபவம். தாளை இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டேன்.

பதிவேடு அழகாக வளர்ந்தது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு புள்ளி எட்டு. தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. இவ்வளவு ஒழுங்கான ஒரு பதிவேட்டை நான் எந்தத் தணிக்கைக்கும் கொடுத்ததில்லை.

மூன்றாம் சுற்றின் பத்தாம் நாள். வைகாசி மாதம். காலை ஒன்பது மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத வெயில். நான் செய்தித்தாளில் இருந்தேன். கட்டிலில் படுத்திருந்தவள் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வை கேட்டாள்.

"இந்த வெயிலில் போர்வையா?"

"குளுருதுங்க."

துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றேழு புள்ளி நாலு. இன்னொரு முறை பார்த்தேன். தொண்ணூற்றேழு புள்ளி மூன்று.

"ஜுரம் இல்லை."

"அப்ப எனக்கு எதுக்குக் குளுருது?"

"காலையில் தலைக்குக் குளித்தாய் அல்லவா, அதனால் இருக்கும்."

"எந்தத் தலைக்கு? முடியே இல்லாத தலைக்கா? ஒடம்பு வேற அடிச்சுப்போட்ட மாரி கீது. ஒரு ஜுர மாத்திர குடுங்களேன்."

மாத்திரை அட்டையைப் பிரித்தும் விட்டேன். ஆனால் எந்த மாத்திரை கொடுப்பதானாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்க வேண்டும் என்று தாளில் ஒரு வரி இருந்தது. முன் அனுமதி இல்லாமல் நான் எதையும் செய்ததில்லை. அன்று என்னை நிறுத்தியது அறிவல்ல, பழக்கம்தான். அந்தப் பழக்கத்தை இனி யார் கிண்டல் செய்தாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போனை எடுத்தது அந்த வார்டின் நர்ஸ். எங்களுக்குத் தெரிந்த பெண்தான். பள்ளிப்பட்டுக்காரி என்பதால் முதல் நாளே என் மனைவியோடு ஒட்டிக்கொண்டாள்.

"இவளுக்கு ஒடம்பு வலி, குளிருதுன்னு சொல்றா. ஜுரம் இல்ல. ஒரு மாத்திரை கொடுக்கலாமா?"

"ஜுரம் எவ்ளோ சார்?"

"தொண்ணூற்றேழு புள்ளி மூணு. பத்து நாளா அப்படித்தான். பதிவேடு இருக்கு."

"எதுல பாத்தீங்க?"

"நெத்தியில பாக்கறது."



"சார், அம்மா நெத்தியில இப்ப இன்னா கீது?"

"என்ன இருக்கும்? சந்தனம்."

"அதானே! திருத்தணிக்காரங்க நெத்தி காலியா இருக்குமா? சார், எங்க நைனா கரோனாவுல ஜுரத்தோட கம்பெனி கேட்டுல ரெண்டு நாள் உள்ள போயிட்டாரு. நெத்தி நெறைய ஈரமா துண்ணூறு பட்ட. அந்த மிஷினு பட்டயத்தான் பாத்துது, நைனாவ பாக்கல. அம்மா இழைக்கிறது பச்சச் சந்தனம், இன்னும் ஜில்லுனு இருக்கும். மாத்திர குடுத்துடாதீங்க. வாயில வெக்கிற மாரி, அக்குள்ல வெக்கிற மாரி வேற இன்னா கீது வூட்ல?"

"பழைய தெர்மாமீட்டர் ஒண்ணு இருக்கு."

"அக்குள்ல ஈரம் இல்லாம தொடச்சி வெய்யுங்க. நான் லைன்லயே கீறேன்."

அந்த ஐந்து நிமிடத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. அவள் கையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நெற்றியில் சந்தனம் பாதி காய்ந்து வெடித்திருந்தது. தெருவில் போகிற மொட்டைக் குடும்பம் ஒன்று அரோகரா போட்டுக்கொண்டு போயிற்று. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பாதரசம் நூற்றிரண்டைத் தாண்டி நின்றது.

"நூற்றிரண்டு" என்று போனில் சொன்னேன்.

"கெளம்புங்க சார். நான் டாக்டருகிட்ட சொல்லி ஊசிய ரெடி பண்ணி வெக்கிறேன். எத்தினியாவது நாளு இன்னிக்கு?"

பதிவேட்டில் அது மட்டும் சரியாக இருந்தது. "பத்து."

ஸ்டாண்டிலிருந்து கார் வந்தது. ஏறுவதற்கு முன் ஈரத் துணியால் அவள் நெற்றியைத் துடைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த நெற்றியை நான் அப்படி வெறுமையாகப் பார்த்ததில்லை. தொட்டபோதுதான் கொதித்தது தெரிந்தது. பத்து நாளும் கருவியை நம்பினேனே தவிர, ஒரு முறைகூடக் கையை வைத்துப் பார்க்கவில்லை.

கார் திருவள்ளூரைத் தாண்டியது. அப்புறம் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ரிஜிஸ்டர எடுத்துகினு வந்தீங்களா?"

"ஆங்."

"அதுல நான் நல்லாத்தான் கீறேன், இல்ல?"



ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்த நர்ஸ் சக்கர நாற்காலியோடு நின்றாள். நான் ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி அடுக்கிய கோப்பைச் சேர்க்கைப் பிரிவில் நீட்டினேன். "அப்புறம் சார்" என்றார்கள். அப்புறமா? அதற்குள் ஒரு கையில் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரண்டு பாட்டில்களில் விட்டு, மறுகையில் மருந்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பழக்கத்தால் கடிகாரத்தைப் பார்த்தேன். கார் நின்று பதினெட்டு நிமிடம். சேர்க்கைப் படிவம், ஒப்புதல் கையெழுத்து எல்லாம் அதற்குப் பின்னால் வந்தன. காரியத்தை முதலில் செய்துவிட்டுக் கோப்பைப் பிறகு திறக்கிற இடம் உலகத்தில் இருக்கிறது என்று என் பணிக்காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், அவரிடம் விளக்கம் கேட்டிருப்பேன்.

பிறகு டாக்டரம்மா ஒரு அச்சிட்ட தாளோடு கட்டில் அருகே உட்கார்ந்தார். கோப்பைத் தலைகீழாகப் படிப்பது எங்கள் துறையில் எழுதப்படாத தகுதி. எதிரில் நின்றே அதைப் படித்தேன். கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். நோயாளி பார்க்க எவ்வளவு சோர்வாக இருக்கிறார், ரத்த அழுத்தம், நுரையீரலில் பழைய நோய் உண்டா, உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, வயது. கூட்டிய எண் ஒரு எல்லையைத் தாண்டினால் ஆபத்து குறைவு. சிலரை மாத்திரையோடு வீட்டுக்கே அனுப்பிவிடலாம். தாண்டாவிட்டால் இங்கேயே, கண்ணுக்கெதிரே. ஒன்பதாம் வகுப்புக் கணக்கைவிட எளிது. என் மனைவி தங்குவாளா போவாளா என்பதை இந்தக் கூட்டல் சொல்லப்போகிறது.

"வயசு?"

"ஐம்பத்தொன்பது" என்றேன். சான்றிதழில் அதுதான் இருக்கிறது. தாளில் அறுபதுக்குக் கீழே என்றால் மதிப்பெண் உண்டு என்பதையும் பார்த்துவிட்டேன்.

படுத்திருந்தவள் கையை அசைத்தாள். "அது பள்ளிக்கூடத்துல வாத்தியாரு போட்ட வயசு டாக்டர். அசலு அறுபத்தொண்ணு. பெரிய புயல் அடிச்ச வருசம் நான் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்."

"ஆவணத்தில் உள்ளதுதான் வயது" என்றேன்.

"கிருமி வந்து சர்டிபிகேட்ட கேக்குமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு வயதுக்கு எதிரே பூஜ்யம் போட்டார். அப்புறம் ரத்த அழுத்தம் பார்த்தார். சிரிப்பு நின்றது. மறுபடி பார்த்தார், இறங்கியிருந்தது. முன்பு எழுதியதை அடித்துவிட்டு அங்கேயும் பூஜ்யம். கூட்டிப் பார்க்க அவருக்குத் தேவையிருக்கவில்லை. தாளை மடித்து, "இங்கேயே வெச்சுக்கறேன் சார்" என்றார்.

வராந்தாவில் அவரைப் பிடித்துக் கேட்டேன். "இந்தக் கணக்கு எப்படி வந்தது டாக்டர்? யார் போட்டது?"

"யாரோ ஒருத்தர் போட்டதில்ல சார். இதே மாதிரி அணு குறைஞ்சு, இதே மாதிரி ஜுரத்தோட வந்தவங்க நிறையப் பேர். வெவ்வேறு ஊர், வெவ்வேறு நாடு. வந்தப்போ அவங்க எப்படி இருந்தாங்கன்னு ஒவ்வொண்ணா எழுதி வெச்சாங்க. அப்புறம் யாரு பிழைச்சாங்க, யாரு இல்லன்னு திரும்பிப் போய்ப் பாத்தாங்க. எது பின்னால வித்தியாசம் பண்ணுச்சுன்னு கணக்குப் பண்ணினாங்க. அதுதான் இந்தத் தாள். ஜோசியம் இல்ல, தப்பும் ஆகும். ஆனா நான் கண்ணால பாத்து முடிவு பண்றத விட இது மேல்."

அவர் போய்விட்டார். நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஏதோ ஒரு ஊரில், என்னால் உச்சரிக்க முடியாத பெயருள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் குளிரெடுத்திருக்கிறது. யாரோ அவள் ரத்த அழுத்தத்தை எழுதியிருக்கிறார்கள். அவள் பிழைத்தாளோ இல்லையோ, அதையும் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒவ்வொருவரும் விட்டுப்போன ஒரு வரி, ஒரு எண். செத்துப்போனவர்களின் வரிகளும் அதில் இருக்கின்றன. ஒருவேளை அவைதான் அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கும். அவர்கள் எல்லோரும் சேர்ந்து இன்று திருத்தணிக்காரி ஒருத்தியின் கட்டிலைச் சுற்றி நின்று, இவளை வீட்டுக்கு அனுப்பாதே என்கிறார்கள். வந்து போனதைப் பட்டியலில் சேர்ப்பதுதான் கணிப்பு என்று நான் கேலி செய்த அதே வேலை. நாங்கள் வருடத்தை மட்டும் மாற்றினோம். இவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். மலைமேல் சந்நிதியில் நின்றபோதெல்லாம் வராத ஒரு நடுக்கம் அந்த பினாயில் வாசனை வராந்தாவில் எனக்கு வந்தது. கையைக் கூப்பவில்லை, கூப்பியிருந்தாலும் யாரைப் பார்த்து என்று தெரிந்திருக்காது.

மாலை டாக்டரம்மா கால் நகத்திலிருந்து வாய்வரை அவளைத் தேடினார். கிருமி நுழைந்த வாசல் எங்கே என்று. வாய் சுத்தம். ஊசி போட்ட இடங்கள் சுத்தம். வலது கட்டைவிரலை அழுத்தியபோது முகத்தைச் சுளித்தாள்.

"இங்க என்னம்மா ஆச்சு?"

"சந்தனம் இழைக்கறப்போ கல்லுல தேஞ்சிடுச்சி. நாலு நாள் இருக்கும். ஒண்ணும் இல்லயே அது."

உண்மையிலேயே ஒன்றும் இல்லை. நகத்தின் ஓரம் தோல் கொஞ்சம் உரிந்திருந்தது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. பார்த்தால் அதைவிடச் சாதுவான விரல் கிடையாது. டாக்டரம்மா பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இதுவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வலி மட்டும் இருக்கு, மத்ததெல்லாம் காணோம். அதுதான் எனக்குச் சந்தேகம்."

மறுநாளும் அதற்கடுத்த நாளும் நல்ல நாட்கள் அல்ல. ரத்த அழுத்தம் ஏற மறுத்தது. பாட்டிலில் விட்ட ரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று தகவல் வந்தது. கொடுத்துக்கொண்டிருந்த மருந்து அதற்குப் பொருந்தும் என்பது கூடவே வந்த ஆறுதல். வெள்ளை அணுக்கள், எண்ணுகிற இயந்திரமே சலித்துக்கொள்ளும் அளவுக்குக் குறைவாக இருந்தன. அவள் தூங்கினாள், விழித்தாள், என்னை அடையாளம் கண்டு தலையை அசைத்தாள். நான் சட்டைப் பையிலிருந்து கோடு வரைந்த தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு. பள்ளத்தின் அடியில் இருந்தோம். இங்கிருந்து கோடு மேலே போகிறது என்று அதில் வரைந்திருந்தது. அதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

அந்த நாட்களில் பதிவேட்டை எடுத்துப் பத்து நாளின் வெப்பநிலைக் கட்டத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடிழுத்து, 'செல்லாது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, தூக்கிப் போட்டுவிடுவேனோ என்று பயந்தாள்.

"குடுங்க சார் அத. டாக்டரு கேட்டாங்க. புதுசா அச்சடிக்கிற தாள்ல சேக்கப் போறாங்களாம், நெத்தியில சந்தனம், துண்ணூறு, எது இருந்தாலும் அங்க பாக்காதீங்கன்னு."

"என் பெயரைப் போடாதீர்கள்."

"யாரு பேரும் போட மாட்டாங்க சார்."

பதிமூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது. அழுத்தம் ஏறியது. அவள் கஞ்சி வேண்டாம், இட்லி வேண்டும் என்று சண்டை போட்டாள். பதினான்காம் நாள் காலை, தட்டை வைத்துக்கொண்டு ஊட்டப் போனபோது கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆ! தொடாதீங்க. வெரலு விண்ணு விண்ணுனு தெறிக்குது."

பார்த்தேன். பேனா வட்டத்துக்குள் கட்டைவிரல் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. நகத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு சின்ன முனை.

குணமாகிக்கொண்டிருக்கிற நேரத்தில் இதென்ன? ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் அந்த விரலை விளக்கின் கீழ் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

"வந்துட்டாங்க" என்றார் டாக்டரம்மா.

"யாரு?" என்றாள் என் மனைவி, சுற்றிலும் பார்த்தபடி.

"உங்க ஆளுங்கதான். நாலு நாளா ஊர்ல இல்ல. நேத்து ராத்திரி திரும்பி வந்து, முதல் காரியமா இந்த விரலுக்குப் போயிருக்காங்க. ரத்தம் பாக்கறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

மதியம் எண்ணிக்கை வந்தது. கோடு வரைந்தபடியே ஏறியிருந்தது.

டாக்டரம்மா போனபின் அவள் விரலைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாளோ அரை நாளோ மட்டுமே உயிரோடு இருக்கிற ஒரு வெள்ளை அணு. பிறந்த உடனே எலும்பை விட்டுக் கிளம்பி, கைகாட்ட ஆளில்லாத இருட்டில் வழி கண்டுபிடித்து, ஒரு கட்டைவிரல் நகத்தின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே செத்து, மஞ்சளாகத் தெரிகிறது. யார் அனுப்பினார்கள், எந்த ஆணையின் பேரில்? கேட்க எனக்கு ஆள் தெரியவில்லை.

"ரொம்ப வலிக்குதுங்க" என்றாள்.

"நல்லா வலிக்கட்டும்."

"பாத்தியா, எனக்கு வலிக்குது, இவரு சிரிக்கிறாரு" என்று நர்ஸிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நான் நோட்டை வாங்கி, மருந்து ஏற்றியபின் பதினான்காம் நாள் என்ற வரிக்கு எதிரே எழுதினேன்: வலது கட்டைவிரல் சிவப்பு, வீக்கம், வலி, சீழ். கையொப்பத்துக்கு முன்னால் அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். வெறும் நெற்றி. இதமாக இருந்தது.